எங்கள் ஹாலில் ஓர் ஆஸ்பத்திரி வார்டு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டு ஹாலில் ஆஸ்பத்திரி வார்டு ஒன்று முளைத்தது. சோபா பால்கனிக்குப் போனது. டி.வி. ஸ்டாண்ட் சமையலறை வாசலைப் பாதி அடைத்துக்கொண்டு நின்றது. சுவரில் இருந்த காலண்டர், கடிகாரம், எங்கள் கல்யாண போட்டோ எல்லாம் பெட்ரூம் கட்டிலில் வரிசையாகப் படுத்துக்கொண்டன. "ரெண்டே நாள்தான் அத்தை" என்றாள் என் அண்ணன் மகள். சினிமாக்காரர்களின் 'ரெண்டே நாள்' எத்தனை நாள் என்று சாலிகிராமத்தில் குடியிருக்கும் எனக்குத் தெரியாதா என்ன?

அவள் விஸ்காம் மூன்றாம் வருடம். அப்பா, அம்மா கும்பகோணத்தில், கல்லூரி சென்னையில் என்பதால் எங்கள் வீட்டில் தங்கித்தான் படிக்கிறாள். கடைசி செமஸ்டருக்கு எட்டு நிமிடத்துக்குள் ஒரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். டீமில் ஐந்து பேர். ஆளுக்கு ஆயிரம் ரூபாய். கேமரா? ஐந்து பேரில் யாருடைய போன் நல்ல போனோ, அது.

கதை சின்னது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பொது வார்டு. நள்ளிரவு தாண்டிய நேரம். படுக்கையில் ஒரு வயதான அம்மா, பக்கத்தில் ஸ்டூல் போட்டு மகன். அந்த அம்மா அவ்வப்போது கண்ணைத் திறந்து "விடிஞ்சிடுச்சா?" என்று கேட்கிறார். மூன்றாவது தடவை கேட்கும்போது ஜன்னல் முழுக்க வெளிச்சம். மகன் "விடிஞ்சிடுச்சும்மா" என்கிறான். அந்த அம்மா கண்ணை மூடிக்கொள்கிறார். அவ்வளவுதான்.

படித்தவுடன் இது யார் கதை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மா என் அம்மா. 2014-ல் ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது என் அண்ணன். இவளுக்கு அப்போது 10 வயது. நான் அன்றைக்குத் தகவல் கேட்டு, சென்னையிலிருந்து கிளம்பி, நடு ராத்திரியில் விழுப்புரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது காலை ஏழு மணி. எல்லாம் முடிந்திருந்தது. அந்த ராத்திரியைப் பற்றி அண்ணன் இத்தனை வருடங்களில் வாயைத் திறந்ததில்லை. "தூக்கத்துலயே போயிடுச்சு" என்ற ஒற்றை வரிதான் எங்களுக்குக் கிடைத்தது. அம்மா விடியலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தது மட்டும் எப்படியோ அண்ணி காதுக்குப் போய், அங்கிருந்து இவளிடம் வந்திருக்கிறது.

"அப்பாகிட்ட சொன்னியாடி?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரி கதைன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

செட் போடும் வேலையை நான் முதலில் அலட்சியமாகத்தான் பார்த்தேன். போகப் போக சுவாரஸ்யமாகிவிட்டது. இருபது படுக்கை உள்ள வார்டை எங்கள் ஹாலில் எப்படிக் கொண்டுவருவது? கொண்டுவர வேண்டியதே இல்லை என்பதுதான் விஷயம். கேமரா பார்க்கும் மூலை மட்டும் போதும். இரண்டு சுவர், ஒரு ஜன்னல், ஒரு கதவு. வெளிர் பச்சை சார்ட் பேப்பரை நாலடி உயரத்துக்குச் சுவரில் ஒட்டினார்கள். ஆஸ்பத்திரிச் சுவர்களில் கீழ்ப் பாதிக்கு மட்டும் ஒரு நிறம் இருக்கும், கவனித்திருப்பீர்கள். சார்ட்டின் வழவழப்பான பக்கம் வெளிச்சத்தில் பளபளக்கும் என்பதால் சொரசொரப்பான பக்கத்தை வெளியே வைத்தார்கள். மேல் விளிம்பு தெரியாமல் இருக்க ஒரு பழுப்புக் காகிதப் பட்டை. பெயின்ட் அடித்த பார்டர் போலவே இருந்தது. (வீட்டில் இதைச் செய்யப் போகிறவர்களுக்கு: மாஸ்கிங் டேப் மட்டும் வாங்குங்கள். மற்ற டேப்புகள் சுவர் பெயின்ட்டையும் பிரியமாகக் கூடவே அழைத்துக்கொண்டு வரும். என் ஷூ ராக் பக்கத்துச் சுவர் சாட்சி.)

கட்டில், மாடி வீட்டு அண்ணாச்சியுடையது. மொட்டை மாடியில் துருப்பிடித்துக் கிடந்த இரும்புக் கட்டில். துருவைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சலைன் ஸ்டாண்டு என்பது மணல் நிரப்பிய பெயின்ட் வாளியில் நட்ட கர்ட்டன் ராடு. பாட்டில் மருந்துக் கடையில் வாங்கியது. ஊசி கிடையாது. டியூபை பிளாஸ்திரி போட்டுக் கையில் ஒட்டியதோடு சரி. துணி காயப்போடும் ஸ்டாண்டில் என் பழைய பச்சைக் காட்டன் புடவையைப் போட்டால் வார்டு ஸ்கிரீன்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த படுக்கைதான். அப்படி ஒரு படுக்கையே கிடையாது. கேமராவுக்குப் பக்கத்தில் டீப்பாய், அதன்மேல் தலையணை, ஒரு போர்வை, போர்வைக்கு வெளியே டீம் பையன் ஒருவனின் இரண்டு பாதங்கள். போனில் பார்த்தால் யாரோ ஒரு நோயாளி படுத்திருக்கிறார். தூரத்து இருமலையும் யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பதையும் தனியாக ஒலிப்பதிவு செய்து சேர்த்துவிட்டால், மீதிப் பதினெட்டுப் படுக்கையைப் பார்க்கிறவர்களே போட்டுக்கொள்வார்கள்.

இவ்வளவு அழகாகச் செட் போட்டுவிட்டு, அன்று ராத்திரி டெஸ்ட் ஷாட் எடுத்தார்கள் பாருங்கள், கண்றாவி! ஹால் டியூப் லைட் எரிகிறது. சிநேகிதிகளிடம் இரவல் வாங்கிய இரண்டு ரிங் லைட் முகத்துக்கு நேராக எரிகிறது. ஸ்டூலில் உட்கார்ந்த பையன் ஆதார் கார்டு போட்டோவுக்கு வந்தவன் மாதிரி இருக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் மூன்று நிழல். போதாக்குறைக்கு போன் திரையில் கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள் மேலிருந்து கீழே ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. சார்ட் பேப்பர் சார்ட் பேப்பராகவே தெரிகிறது.

இதில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். படம் நன்றாக இல்லை என்றால் பிள்ளைகள் உடனே "நல்ல கேமரா இல்ல" என்கிறார்கள். கடன் வாங்கியாவது வாடகைக்கு எடுக்கிறார்கள். கிறிஸ்டோபர் நோலன் தன் முதல் படம் 'ஃபாலோயிங்'கை, 1998-ல் வந்தது, சனிக்கிழமை சனிக்கிழமையாக ஏறத்தாழ ஒரு வருடம் எடுத்தார். நடித்தவர்களுக்கு மற்ற நாளில் வேலை. கறுப்பு வெள்ளை, 16 எம்.எம். ஃபிலிம், தெரிந்தவர்கள் வீடு, இருக்கிற வெளிச்சம். ஷான் பேக்கரின் 'டேஞ்சரீன்' 2015-ல் தியேட்டருக்கு வந்த படம். எடுத்தது ஐபோன் 5எஸ்-ல். நம் ஊரில் கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் பாலாஜி மோகனும் கலைஞர் டி.வி.யின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்துவிட்டுத்தான் பெரிய திரைக்கு வந்தார்கள். கேமரா வாடகைக்குப் போகிற காசில் டீமுக்கு வயிறாரச் சாப்பாடு போடலாம் என்பது என் கட்சி.

அந்த நேரத்தில்தான் மாடி வீட்டு அண்ணாச்சி கீழே இறங்கி வந்தார். தன் கட்டில் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். அண்ணாச்சி முப்பது வருடத்துக்கு மேல் சினிமாவில் லைட்மேனாக இருந்தவர். பரணில் ஏறி நின்றே முழங்கால் தேய்ந்துபோனது என்று ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கைகட்டிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் அணை தாயி."

"எல்லாத்தையுமா தாத்தா?"

"எல்லாத்தையும்."

அணைத்தார்கள். ஹால் இருட்டானது. தெரு விளக்கு ஜன்னல் வழியாக லேசாக வந்தது. இருட்டுக்குள்ளிருந்து அண்ணாச்சி கேட்டார்: "கதையில இப்ப மணி என்ன?"

"ரெண்டு இருக்கும் தாத்தா."

"ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த வார்டுல வெளிச்சம் எங்க இருந்து வரும்?"

அவளிடம் பதில் இல்லை. ஸ்கிரிப்ட்டில் வசனம் இருக்கிறது, கேமரா எங்கே என்று இருக்கிறது, வெளிச்சம் எங்கே என்று இல்லை. என் பக்கம் திரும்பினாள். "அத்தை, அப்பாயி இருந்த வார்டுல லைட் எங்க இருந்துச்சு?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் பகலில்தான் அந்த வார்டைப் பார்த்தேன். அதுவும் காலிக் கட்டிலை.

"தெரிஞ்ச ஆளு யாரு?" என்றார் அண்ணாச்சி.

தெரிந்த ஆள் மறுநாள் காலை அரிசி மூட்டையோடு வந்து இறங்கினார். மாதம் ஒரு தடவை அண்ணன் வருவது வழக்கம்தான். கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஹாலைப் பார்த்தார். கட்டில், பச்சைச் சுவர், ஸ்டூல். அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் நின்றாள். எனக்கு உள்ளுக்குள் உதறல். இப்போது ஒரு கத்தல் வரும், எல்லாம் கலையும் என்று நினைத்தேன்.

அண்ணன் பையைக் கீழே வைத்தார். "அந்த ஸ்டாண்டு இந்தப் பக்கம் இல்ல" என்றார். "இடது கையில ஊசி ஏறலன்னு வலது கையில போட்டாங்க. ஸ்டாண்டு ஜன்னல் பக்கம் இருந்துச்சு."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சலைன் ஸ்டாண்டை வாளியோடு தூக்கி ஜன்னல் பக்கம் வைத்தார். பிறகு குளிக்கப் போய்விட்டார்.

அண்ணாச்சி மத்தியானம் வந்தார். அண்ணனிடம் ஊர், விளைச்சல், காவிரித் தண்ணீர் எல்லாம் பேசிவிட்டு, போகிற போக்கில் கேட்பது மாதிரி வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டார். அந்த ராத்திரியைப் பற்றி யார் கேட்டிருந்தாலும் அண்ணன் எழுந்து போயிருப்பார். அண்ணாச்சி கேட்டது விளக்கைப் பற்றித்தானே!

"கோடியில நர்ஸ் மேசை. அதுக்கு மேல ஒரு டியூப் லைட். சோக் போயி மினுக்கு மினுக்குன்னு அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. நம்ம கட்டிலுக்கு மேல லைட் இல்ல. மத்தவங்க தூங்கணும்னு அணைச்சிடுவாங்க."

"அப்ப முகம் எப்படித் தெரிஞ்சுது?"

"வாசல்ல. வராந்தாவுல ஒரு குண்டு பல்பு. கதவு பாதி சாத்தியிருக்கும். அதுல வர்ற மஞ்ச வெளிச்சம்தான். பாதி முகம்தான் தெரியும்."

"எந்தப் பாதி?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "என் பக்கத்துப் பாதி."

அவள் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். நான் பாத்திரம் கழுவுகிறேன் என்று போய்விட்டேன்.

அன்று ராத்திரி அந்த வெளிச்சத்தை உண்டாக்கிய விதத்தைச் சொல்கிறேன். வீட்டில் குறும்படம் எடுக்கும் பிள்ளை இருந்தால் உதவும். எங்கள் பெட்ரூம் கதவுதான் வார்டின் வாசல். கதவுக்கு உள்ளே, கேமராவுக்குத் தெரியாத இடத்தில், 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு ஒன்று. பாக்கெட்டில் 'வார்ம் ஒயிட், 2700K' என்று போட்டிருக்கும் மஞ்சள் ரகம். அதை நேராக அடிக்கவில்லை. எதிரே ஒரு தெர்மோகோல் ஷீட்டை நிறுத்தி, அதன்மேல் அடித்து, அதிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை மட்டும் வார்டுக்குள் விட்டார்கள். பல்பு சின்னது, அதனால் அதன் நிழல் கத்தி மாதிரி வெட்டும். தெர்மோகோல் பெரிய பரப்பு, அதனால் நிழலின் ஓரம் கரையும். ராத்திரி வராந்தாவின் களைத்துப்போன வெளிச்சம் அப்படியே வந்தது. கதவைக் கொஞ்சம் சாத்தினால் வெளிச்சத்தின் அகலம் குறையும். சுவரில் வழிந்ததை மறைக்க என் கறுப்பு துப்பட்டாவைக் கயிற்றில் தொங்கவிட்டார் அண்ணாச்சி. சினிமாவில் இதற்குப் பெயர் கட்டராம். அதோடு கட்டிலையும் ஸ்டூலையும் சுவரிலிருந்து நாலடி முன்னால் இழுத்தார். நிழல் சுவரில் ஏறாமல் தரையில் விழுந்து காணாமல்போனது. சார்ட் பேப்பரும் இருட்டில் போய் நிஜச் சுவராகிவிட்டது. செட்டில் இருக்கிற குறைகளில் பாதியை இருட்டே மறைத்துக்கொடுக்கிறது.

வெள்ளைப் பரப்பில் அடித்துத் திருப்பும் இந்த யோசனைக்கு ஒரு நல்ல கதை உண்டு. அவள் பாடத்தில் வருகிறது, எனக்கும் சொன்னாள். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ', 1956. காசியில் ஒரு வீட்டு முற்றம் வேண்டும். மழைக்குப் பயந்து, கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதைக் கல்கத்தாவில் ஸ்டூடியோவுக்குள்ளேயே போட்டுவிட்டார். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ராவுக்கு அதில் சம்மதமில்லை. திறந்த முற்றத்தில் வெளிச்சம் வானத்திலிருந்து, எல்லாப் பக்கமிருந்தும், நிழலே இல்லாமல் இறங்கும். ஸ்டூடியோ விளக்குகளில் அது வரவே வராது என்று வாதாடினார். எடுபடவில்லை. கடைசியில் முற்றத்துக்கு மேலே வானத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்துத் திருப்பினார். படம் பார்க்கிறவர்களுக்கு அது ஸ்டூடியோ என்றே தோன்றாது. மித்ராவுக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான். 'பதேர் பாஞ்சாலி'யில் வேலையைத் தொடங்கும்வரை அவர் சினிமா கேமராவைக் கையாண்டதே இல்லை.

இனி அந்தக் கறுப்புப் பட்டை. நம் வீட்டுக் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் சாதாரண எல்.இ.டி. விளக்குகள் பல நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, போன் கண்ணுக்குத் தெரியும். போனில் 'ப்ரோ' மோடு இருந்தால் ஷட்டரை 1/50 என்று வைத்துவிட்டால் பட்டை போய்விடும். இன்னொன்று, போனுக்கு இருட்டைக் கண்டாலே ஆகாது. தானாகவே வெளிச்சத்தை ஏற்றிக் கொசகொசவென்று புள்ளி புள்ளியாக்கிவிடும். ஆள் கொஞ்சம் அசைந்தால் மறுபடி மாற்றும். முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும். அதன்பிறகு கொஞ்சம் கீழே இழுத்து இருட்டாக்கிக்கொள்ளலாம்.

நர்ஸ் மேசையின் சோக் போன டியூப்? சமையலறைப் பக்கம் ஒரு வெள்ளை எல்.இ.டி. பட்டை விளக்கை வைத்து, ஸ்விட்சைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார் அண்ணாச்சி. முதலில் ஒரு பையன்தான் தட்டினான். சீராகத் தட்டினான். கல்யாண ரிசப்ஷன் மாதிரி ஆகிவிட்டது. "கணக்கு வெச்சுத் தட்டக் கூடாதுல. மறந்து மறந்து தட்டணும்" என்று அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். இரண்டு தட்டு, ஒரு நீளமான சும்மா, ஒரு தட்டு. அண்ணன் பால்கனிக் கதவருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படுக்கையில் படுக்க ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சாகிற வேஷத்துக்கு எங்கள் தெருவில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. அபசகுனம். என்னைக் கேட்டாள், நான் மாட்டேன் என்றேன். காரணம் சகுனம் இல்லை. கடைசியில் அண்ணாச்சி வீட்டு அக்கா ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. சாகிற சீனில் நடித்தவரை, முடிந்ததும் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுத்துவிட வேண்டுமாம். ஃபீல்டு வழக்கம் என்றார் அண்ணாச்சி. அப்படி எடுத்தால் தோஷம் இல்லை. அக்காவுக்கு உடுத்திக்கொள்ள, பீரோவிலிருந்து அம்மாவின் சுங்குடிப் புடவையை எடுத்துக் கொடுத்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். மின்விசிறி கிடையாது, ஃபிரிட்ஜ் கிடையாது. ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் நமக்குக் கேட்காது, மைக்குக்குக் கேட்கும். முதல் நாள் டெஸ்ட்டின்போது அணைத்துவிட்டு மறந்ததில் இரண்டு லிட்டர் பால் போயிற்று. இந்த முறை ஸ்கூட்டர் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டார்கள். சாவியை எடுக்கப் போனால் ஃபிரிட்ஜைப் போடாமல் வர முடியாதே! பதினொன்றரைக்கு எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. வேர்த்துக் கொட்டியது எல்லோருக்கும்.

மூன்று மணிக்குக் கடைசிக் காட்சி, அந்த விடியல். அதற்கான ஏற்பாடு எனக்கு மந்திரம் மாதிரி இருந்தது. பால்கனியில் ஒரு பல்பு, 6500K என்று போட்டிருக்கும் வெள்ளை ரகம். அதை இன்னொரு தெர்மோகோலில் அடித்து, ஜன்னலில் கட்டிய அண்ணனின் நாலு முழ வேட்டி வழியாக உள்ளே விடுவது. வேட்டி வெள்ளை, பல்பு வெள்ளை. ஆனால் போனில் பார்த்தால் ஜன்னல் அதிகாலை நீலம்! போனின் 'ஒயிட் பேலன்ஸ்' வராந்தாவின் மஞ்சள் பல்புக்குத் தக்கபடி 3000-க்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. மஞ்சளை அது கொஞ்சம் வெள்ளையாக்கிக்கொள்வதால், வெள்ளையை நீலமாகப் பார்க்கிறது. நீலக் காகிதம்கூட வாங்கவில்லை.

"ஜன்னல் லைட் ஆன்" என்றாள். ஜன்னல் விடிந்தது. அம்மாவின் புடவையில் அக்கா. பாதி முகத்தில் மஞ்சள், மற்ற பாதியில் நீலம். "விடிஞ்சிடுச்சா?" என்றார் அக்கா. ஸ்டூலில் இருந்த பையன் குனிந்து, "விடிஞ்சிடுச்சும்மா" என்றான். கட். அழகாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இப்படி இல்ல" என்றார் அண்ணன்.

அவள் திரும்பினாள்.

"விடியல. மணி மூணுதான் இருக்கும். ஜன்னல் கறுப்பா இருந்துச்சு." அவர் யாரையும் பார்க்காமல் அந்த ஸ்டூலையே பார்த்துப் பேசினார். "ரெண்டு தடவை இல்லம்மா, இன்னும் இருக்குன்னு சொன்னேன். மூணாவது தடவை கேட்டப்ப விடிஞ்சிடுச்சும்மான்னு சொல்லிட்டேன். தங்கச்சி வந்துடுவாளான்னு கேட்டுச்சு. விடிஞ்சா வந்துடுவான்னு முன்னாடி சொல்லியிருந்தேன்ல. அதனால சொன்னேன்."

யாரும் பேசவில்லை. ஃபிரிட்ஜும் ஓடாததால் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. நான் சமையலறை வாசலில் டி.வி. ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை என்ன செய்வாள்? அப்பாவைப் போய்க் கட்டிக்கொள்வாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு, "தாத்தா, ஜன்னலை அணைச்சிடலாம்" என்றாள். குரல் மட்டும் கொஞ்சம் கரகரத்தது. பால்கனி விளக்கு அணைந்தது. வராந்தா மஞ்சள் மட்டும். தெரு விளக்கு தெரியாமல் இருக்க வேட்டிக்குப் பின்னால் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டார்கள். அதே வசனம், அதே ஆட்கள். "விடிஞ்சிடுச்சா?" ஜன்னல் கறுப்பு. "விடிஞ்சிடுச்சும்மா." மூன்று டேக் எடுத்தார்கள். இரண்டாவதில் நர்ஸ் மேசை டியூப் சரியாக அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு தடவை அடித்து அணைந்தது. அண்ணாச்சி வேண்டுமென்று செய்தாரா, மறந்து செய்தாரா என்று அவரே சொல்ல மாட்டேன் என்கிறார். அதைத்தான் வைத்திருக்கிறாள்.

கட்டி வைத்த விடியலை வீணாக்கவில்லை. அக்கா எழுந்த பிறகு, காலிக் கட்டில், மடிக்காத போர்வை, ஜன்னலில் நீலம். முப்பது செகண்ட். படத்தின் கடைசி ஷாட் அதுதான். அது நான் பார்த்தது. நான் ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தது. அதை அவளுக்கு நான் சொன்னதே இல்லை.

பிறகு அக்காவின் நிபந்தனை. கட்டிலில் உட்காரவைத்து, "சிரிங்க ஆச்சி" என்றார்கள். நாலு மணிக்கு யாருக்குச் சிரிப்பு வரும்? அண்ணாச்சி, "கல்யாணத்தன்னைக்குக்கூட இவ சிரிக்கல" என்றார். உடனே வந்துவிட்டது. கையில் பிளாஸ்திரியோடு, சுங்குடிப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஒரு சிரிப்பு.

மொத்தச் செலவு 3,140 ரூபாய். அதில் பாதி சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் பிள்ளையார் சுவரேறிவிட்டார், சோபா வந்துவிட்டது. அண்ணன் வேட்டியை ஜன்னலிலிருந்து அவரே அவிழ்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பும்போது படத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அரிசி புதுசு, தண்ணி கம்மியா வை" என்று என்னிடம் சொன்னார்.

படத்தைக் கல்லூரியில் கொடுத்துவிட்டாள். மார்க் இன்னும் வரவில்லை. அப்பாவுக்கும் லிங்க் அனுப்பியிருக்கிறாள். பார்த்தாரா என்று தெரியவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போன புதன்கிழமை ராத்திரி அவளுக்கு வாட்ஸ்அப்பில் அண்ணனிடமிருந்து ஒரு வரி வந்தது. 'அந்தச் சிரிக்கிற ஷாட் இருந்தா எனக்கு அனுப்பு.'